வீட்டிலிருந்து திறக்காது

மேனேஜருக்கு ஆபீஸில் வைத்திருந்த பெயர் பூட்டு.

குழாய், ஷவர், வாஷ்பேசின் மொத்தமாக விற்கிற கம்பெனி அது. பில், சரக்கு, கணக்கு எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில். அது ஆபீஸுக்குள் இருந்தால்தான் திறக்கும். வீட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டைச் சரியாகவே போட்டாலும் 'அனுமதி இல்லை' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லும். ஏற்பாடு பூட்டுடையது.

"கம்ப்யூட்டர் வழியா குழாயை உருவிக்கிட்டுப் போயிடுவோம்னு பயம்" என்றாள் பில் போடுகிறவள்.

முதலாளி வேறு ஊரில் இருந்தார். அவர் தங்கம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. லீவு நாளில் அவரிடமிருந்து ஒரு போன் வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"சாமி வரம் குடுத்தாலும்..." என்று யாராவது ஆரம்பிப்பார்கள். மற்றவர்கள் பூட்டு இருக்கும் அறையைப் பார்ப்பார்கள்.

அதிகம் நொந்துபோனவள் ஸ்டாக் அக்கா. சரக்குப் பிரிவில் கையிருப்புக் கணக்கு அவள் பொறுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் மகளை அழைத்துவர, எல்லோருக்கும் முன்னால் கிளம்பியாக வேண்டும். மிச்ச வேலையைச் சாயங்காலம் வீட்டில் முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. பிரிவுத் தலைமை இடம் காலியாகியிருந்தது. பாதி வேலையில் பையைத் தூக்குகிறவளுக்கு அதை யார் தருவார்கள்?

பூட்டிடம் கேட்டாள்.

"சீக்கிரம் கிளம்புங்கம்மா, யார் வேணாம்னா? மிச்சத்தை நாளைக்கு வந்து பாருங்க. வீட்ல செய்ய வேண்டாம்."

வேலை கெட்டாலும் கெடட்டும், உன்னை நம்ப மாட்டேன் என்று சொன்னதாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆபீஸ் லைனைச் சரிபார்க்க வந்த நெட்காரரைப் பிடித்தாள். அவர் ஏணியில் நின்றபடியே விளக்கினார். ஆபீஸ் லைனுக்கு ஸ்டேடிக் ஐ.பி. இருக்கிறது, அதாவது மாறாத நம்பர். அந்த நம்பரிலிருந்து வருகிறவர்களை மட்டும் உள்ளே விடச் சொல்லி சாஃப்ட்வேருக்கு உத்தரவு. வீட்டு லைனுக்கோ நெட் கம்பெனி ஏதோ ஒரு நம்பரை இரவல் கொடுக்கிறது. மோடத்தை அணைத்துப் போட்டால் வேறொன்று வந்தாலும் வரும்.

"தினம் ஒரு வேஷத்துல வர்ற ஆளை வாட்ச்மேன் எப்படிக்கா உள்ள விடுவான்?"

"நானும் மாறாத நம்பர் வாங்கிட்டா?"

"ஒரு நிமிஷ வேலை, சேத்துடலாம். மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லணும்." இரண்டு படி இறங்கி, குரலையும் இறக்கினார். "அவர் வீட்டு நம்பரை முன்னாடியே சேத்தாச்சே."

ஊருக்குத்தான் உபதேசம். அன்றைக்கே நெட் கம்பெனிக்கு எழுதிப்போட்டு நம்பர் வாங்கிவிட்டாள்.

"வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு மாறுறோம். நெட்டுக்கு மட்டும் நிரந்தர விலாசமா?" என்றான் கணவன். அவள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை பூட்டிடம் போய் போனில் நம்பரைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசிப் புள்ளி வரைக்கும் படித்தார்.

"நல்ல நம்பர்தான். வேண்டாம்மா."

"உங்க வீட்ல மட்டும் திறக்குமாமே, சார்."

"ஆமா" என்றார். ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளிக்கே போன் போட்டாள். மகள் வெளியே கிளம்புவதற்கு ஷூ மாட்டிக்கொண்டு வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஒத்திகை பார்த்ததையெல்லாம் ஸ்டாக் அக்கா மூச்சுவிடாமல் சொன்னாள். வீட்டிலிருந்தும் வேலை பார்க்க வழி இருக்கிறது, தான் தயார், மேனேஜர்தான் தடுக்கிறார்.

மறுமுனையில் முதலாளி நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது, பூட்டுக்கு இன்றைக்கு இருக்கிறது என்று நினைத்தாள்.

"அட, வழி இருக்கா?" என்றார். குரலில் அப்படியொரு சந்தோஷம். "எனக்கு யாருமே சொல்லலையேம்மா. லீவு நாள்ல உங்கள்ல யாரையாவது கூப்பிடலாம்னு பாத்தா, அவங்க வீட்ல எதுவும் திறக்காது சார், என் வீட்ல மட்டும்தான் திறக்கும், எதுன்னாலும் என்னையே கேளுங்கன்னு நிப்பார் உங்க மேனேஜர். நானும் ஒரு ஞாயித்துக்கிழமை விடாம அந்த மனுஷனையே படுத்திக்கிட்டிருக்கேன். இப்பக்கூட சாப்பாட்டுல உக்காந்தவரை எழுப்பி விட்டிருக்கேன்."

ஸ்டாக் அக்கா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஸ்டாஃப் எல்லோர் வீட்டுக்கும் ஸ்டேடிக் நம்பர் போட்டுவிடலாம் என்றார். ராத்திரி, பண்டிகை, எந்த நேரமானாலும் கவலையில்லை என்றார். தலைமை இடத்துக்கு இந்த மாதிரி ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம்.

"முதல்ல உங்க வீட்டு நம்பரைச் சொல்லுங்க. அப்படியே அந்த நீள மூக்குக் குழாய் எவ்வளவு கையிருப்புன்னு பாத்துட்டு, கூடவே போன மாசத்தோட ஒப்பிட்டு ஒரு அட்டவணையும் போட்டுடுங்களேன்."

மகள் ஒரு ஷூவால் கதவை உதைத்து, வர்றியா இல்லையா என்றாள்.

"அதான் சார்," என்றாள் ஸ்டாக் அக்கா. "வழி இருக்குன்னுதான் நெனச்சேன். இப்பப் பாத்தா எங்க வீட்டு நம்பர் நிலையா நிக்க மாட்டேங்குது. யார் வீட்லயும் நிக்காதாம்."

"அடடா. போகட்டும் விடுங்க, மேனேஜரையே கேட்டுக்கறேன்."

"அது வந்து சார்," என்றாள், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே. "அவர் வீட்டு நம்பரும் இன்னிலேருந்து மாற ஆரம்பிச்சிடுச்சுன்னு கேள்வி."