முதலாளி காது

மறுபடியும் விசில்.

கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

கட்டிலில் அப்பா சாய்ந்திருந்தார். இடது காதில் அந்த மிஷின். கீய்ய்ய் என்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் மட்டும் ஒரு சலனமும் இல்லை.

"அதக் கழட்டி வைங்கப்பா. மண்ட காயுது."

அப்பா தலையாட்டிச் சிரித்தார். சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பார்.

முதலாளியின் காரியத்தன்று அவர் மகன் கொடுத்தது. செத்தவருடைய வேட்டி சட்டையை வேலைக்காரர்களுக்குக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். அத்தோடு காது மிஷினையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள், புண்ணியவான்கள். வேட்டி யார் இடுப்பிலும் நிற்கும். காதுமா அப்படி?

முதலாளிக்குக் காது போனது எண்பதுக்கு மேல். கண்ணாடிக் கதவு போட்ட ஆபீசில் உட்கார்ந்திருந்தவர். அவருடைய விசைத்தறிகளுக்கு நடுவே நின்ற அப்பாவுக்கு ஐம்பதிலேயே போய்விட்டது. இதை யாரிடம் போய்க் கேட்பது?

பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இன்னொருவர் காதுக்கு அச்செடுத்துச் செய்ததாம், இவர் காதில் சரியாக உட்காராமல் விசிலடிக்கிறதாம். அந்த விசில் இவருக்குக் கேட்காதாம். தறியடியில் நிற்பவர்களுக்குக் கீச்சுச் சத்தம் கேட்பதுதான் முதலில் போகுமாம். பேச்சு கேட்பது அப்புறம்தான் போகுமாம். அதனால் போவதே தெரியாதாம்.

அங்கேயே வேறு மிஷின் தருகிறோம் என்றார்கள். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். முதலாளி காதில் இருந்ததாம் இது. உழைத்த உழைப்புக்குக் கிடைத்த மரியாதையாம்.

மரியாதை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள். வருகிறவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அலுத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவள் மகன் பூபதிதான். படிப்பை நிறுத்திவிட்டு, தாத்தா நின்ற அதே தறிகளுக்குத்தான் போகிறான். காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தனுப்பினால் அது சட்டைப்பையிலேயே திரும்பி வரும். துவைக்கும்போது சொதசொதவென்று அவள் கையில் ஒட்டும். எத்தனை கத்தினாலும் கேட்பதில்லை. அது ஒன்றுதான் அவன்மேல் குறை. மற்றபடி தங்கமான பிள்ளை, தாத்தாவை ஒரு வார்த்தை சொல்லமாட்டான்.

இப்போதும் கட்டிலை ஒட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

விசில் இன்னும் ஏறியது.

"நீயாவது சொல்லேன்டா. உங்கப்புச்சி உன்ற பேச்சத்தான் கேப்பாரு. பக்கத்துலயே உக்காந்துட்டு அந்தச் சத்தத்த எப்படித்தான் தாங்கறயோ."

பூபதி தட்டிலிருந்து நிமிர்ந்தான். தாத்தாவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எந்தச் சத்தம்மா?"

அடுப்பில் தாளிப்பு கருகிக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை.

வாசலில் படுத்திருந்த நாய் காதை உதறிக்கொண்டு எழுந்து தெருவுக்குப் போனது.