விலா எலும்பு இல்லாத பிராணி

வேறு காலேஜிலிருந்து பரீட்சை வைக்க வந்த எக்ஸ்டர்னல் வேதசிரோமணி என்னை மட்டும் உட்காரச் சொன்னார்.

விலங்கியல் பிராக்டிகல் பரீட்சையில் எல்லாரும் நின்றுதான் பதில் சொல்வோம். எனக்கு முன்னால் போன கிருபா கால் கடுக்க நின்றாள். என் முறை வந்ததும் மனுஷன் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார்.

கண்டுபிடித்துவிட்டார்.

1963, மார்ச் மாதம். காசநோய்க்குத் தாம்பரம் சானடோரியத்தில் படுத்துக் கிடந்துவிட்டு நான் காலேஜுக்குத் திரும்பியிருந்தேன். அது இங்கே ஒருவருக்கும் தெரியாது. கேட்டவர்களிடமெல்லாம் நான் திருச்சியில் சித்தி வீட்டில் இருந்ததாக அம்மா கதை சொல்லி வைத்திருந்தாள். பாஸ் செய்தால் பல்லாவரத்தில் டீச்சர் வேலை காத்திருந்தது. விஷயம் வெளியே வந்தால் பிள்ளைகள் பக்கத்தில் என்னை யார் விடுவார்கள்?

மெழுகுத் தட்டில் என் தவளை மல்லாந்து கிடந்தது. சுத்தமாக அறுத்திருந்தேன். அதில் ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

"தவளை எப்படிம்மா மூச்சு விடுது?"

"தண்ணிக்குள்ள தோலாலேயே விடும் சார். கரைக்கு வந்தா நுரையீரலும் வேலை செய்யும். தோல் மட்டும் காயக் கூடாது."

"நமக்கு விலா எலும்பு விரிஞ்சு காத்து உள்ள போகுது. அதுக்குத்தான் விலா எலும்பே கிடையாதே?"

"வாயாலேயே பம்ப் அடிச்சுக்கும் சார். வாயோட அடிப்பக்கத்தை இறக்கிக் காத்தை இழுத்து, மூக்கை மூடிக்கிட்டு உள்ள தள்ளும்."

நல்ல பதில்தான். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

அவர் ஒரு கண்ணாடிக் குழாயை நீட்டினார். தவளையின் தொண்டைத் துவாரத்தில் சொருகி ஊத வேண்டும். நுரையீரல் இரண்டும் உப்பி மேலே வர வேண்டும். கிருபா ஒரே ஊதில் உப்ப வைத்தாள். அவளுக்கென்ன, கோயிலில் பாடினால் கூரையைப் பிய்க்கிறவள்.

ஊதினேன். பாதிகூட உப்பவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. அடக்க அடக்க இன்னும் வந்தது. போச்சு, வேலையும் போச்சு, எல்லாம் போச்சு.

அவர் என் கையிலிருந்து குழாயை வாங்கினார்.

துடைக்கவில்லை. நான் வாய் வைத்த அதே முனையைத் தன் வாயில் வைத்துக்கொண்டார்.

ஐயையோ! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் என் டம்ளரும் தட்டும் இன்னும் தனியாகத்தான் இருக்கின்றன. கூடப் பிறந்த அக்காவே என் எச்சில் டம்ளரைத் தொட மாட்டாள்.

அவர் ஊதினார். நுரையீரல் உப்பியது, அதுவும் பாதிதான். அதற்கு மேல் அவராலும் முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

பிறகு, பக்கத்து மேஜைக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"உனக்கு எத்தனை எலும்பு எடுத்தாங்கம்மா?"

கெட்டுப்போன நுரையீரலை அமுக்கி வைக்க அப்போதெல்லாம் விலா எலும்பை எடுத்துவிடுவார்கள். சானடோரியத்தில் படுத்துக் கிடந்தவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

"ஏழு சார்."

"எனக்கு எட்டு. பதினாலு வருஷமா பாடம் நடத்திக்கிட்டுதான் இருக்கேன்."

மார்க்கைப் போட்டார். மகராசன் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"அழாதம்மா," என்றார். "மூச்சு வாங்கும்."