ஒரே பேச்சுக்காரர்கள்

“அப்ப இன்னொரு தீவுக்குப் போயிருக்கலாமே?” என்று கேட்டார் அகதி மனுவை விசாரித்த பெண் அதிகாரி.

மேசை நடுவில் இருந்த தொலைபேசி அதை அவள் நாட்டின் பொதுமொழியான டோக் பிசினில் சொன்னது. “வேற தீவுல போய்ப் பொழச்சிருக்கலாமேன்னு கேக்குறாங்கக்கா.”

ஆண் குரல். மொழிபெயர்ப்பாளருக்குப் பெயர் கிடையாது, ஓர் எண் மட்டும்தான். நகரத்து டோக் பிசின். எந்த ஊர்க்காரர் என்று டோர்காஸுக்குப் பிடிபடவில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு வந்ததிலிருந்து பப்புவா நியூகினி ஆட்கள் கண்ணிலேயே படாமல் ஒதுங்கி வாழ்ந்தவள் அவள். தன் நாட்டுக் குரல் ஒன்றைக் கேட்டே வெகுகாலம் ஆகியிருந்தது.

தொடங்கும்போதே அவர் சொல்லியிருந்தார். “பதறாதீங்கக்கா. நம்மாளுங்க ஒரு பன்னி காணாமப் போனத மூணு நாள் சொல்லுவோம். இவங்களுக்கு மூணு வரியில சொல்லணும், அவ்வளவுதான்.”

அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

கணவன் செத்தது காய்ச்சலில். சூனியம் வைத்துக் கொன்றுவிட்டாள் என்றார்கள் அவன் தம்பிமார். பழுக்கக் காய்ச்சிய கம்பியின் தழும்பு அவள் தோளில் இருந்தது. அதை அதிகாரி நம்பினார். மனதார வருத்தம் தெரிவித்தார்.

அவர் நம்பாதது ஒன்றே ஒன்றைத்தான். நாட்டில் எங்கே போனாலும் அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதை.

அதை நம்பவைக்காவிட்டால் அவளும் மகளும் திரும்பிப் போக வேண்டும்.

“உங்க நாட்டுல எண்ணூறு மொழி. ஒரு மலைக்காரங்க பேசுறது பக்கத்து மலைக்காரங்களுக்கே புரியாது. பாதி ஊருக்கு ரோடு இல்ல. எல்லாம் நீங்க சொன்னதுதான். அப்படிப்பட்ட எடத்துல ஒரு பொம்பளைய எப்படித் தேடிப் பிடிப்பாங்க?”

“ரோடு இல்ல. சேதி போயிடும்” என்றாள் டோர்காஸ்.

“எப்படிப் போகும்?”

எப்படிச் சொல்வது?

“புது ஊர்ச் சந்தையில போய் உக்காந்தா, நீ எந்த மலைன்னு கேப்பாங்க. சொல்லலைன்னா எடம் கிடையாது. நட்டுத் திங்க நெலம் கிடையாது. சொன்னா, அந்த மலைக்காரன் ஒருத்தனத் தேடிக் கூட்டிட்டு வருவாங்க. நல்லதுக்குத்தான் கூட்டிட்டு வருவாங்க. ஒரே பேச்சுக்காரன் இல்லையா, ஒரே மொழி பேசுறவன். கிழங்கு அவிச்சுப் போடுவான், படுக்க எடம் குடுப்பான். அப்புறம் ஊருக்குப் போன் பண்ணிச் சொல்லுவான், உங்க வீட்டுப் பொண்ணு இங்க பத்திரமா இருக்குன்னு.”

“சாப்பாடு போட்டவரே காட்டிக்குடுப்பாரா?”

“அவனுக்கு அது காட்டிக்குடுக்குறது இல்ல. உறவுமுறை.”

“போலீஸ்கிட்ட போயிருக்கலாமே?”

“போலீஸ்காரரும் எனக்குக் கொழுந்தன் முறை.”

“பாதிரியார்?”

“அவர்தான் என்னக் கோயில் பரண்ல ஒளிச்சு வச்சு அனுப்பிவிட்டார். கம்பியக் காய்ச்சினது அவர் அண்ணன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலதான் உக்காருவாங்க.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“யாருக்கும் யாரையும் தெரியாதுங்கிறீங்க. எல்லாரும் சொந்தம்ங்கிறீங்க. ரெண்டுல எது உண்மை?”

“ரெண்டும்.”

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவளுக்கே தெரிந்தது. தன் நாட்டைப் பற்றி உண்மையைச் சொல்லச் சொல்ல அவள் பொய்க்காரியாகிக்கொண்டிருந்தாள். மலையும் கடலும் எண்ணூறு மொழியும் சேர்ந்து அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

“நீங்க இங்க பொறந்தவங்க. உங்களுக்கு எப்படிச் சொல்லுவேன்?” என்றாள். குரல் உடைந்தது. “ஓடிப்போக அங்க எடம் நெறைய இருக்கு. ஒளியத்தான் எடமில்ல.”

தொலைபேசி அதையும் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னது. அவள் குரல் உடைந்த இடத்தில் அதுவும் சற்று நின்று பிறகு தொடர்ந்தது. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி கோப்பினை மூடியபடி கடைசியாக ஒன்று கேட்டார். அது சின்னக் கேள்விதான்.

தொலைபேசி அதைச் சொன்னது. டோக் பிசினில் அல்ல.

“கடைசியா ஏதாவது சொல்லணுமான்னு கேக்குறாங்க அண்ணி. யால்மே நல்லா வளந்திருப்பாளே, எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கீங்க?”

அது அவள் வாழ்க்கைப்பட்டுப் போன பள்ளத்தாக்கின் மொழி. இரண்டு ஆற்றுக்கு அப்பால் போனால் யாருக்கும் புரியாத மொழி. யால்மே என்பது பிறந்த அன்று கணவனின் ஆட்கள் மகளுக்கு வைத்த வீட்டுப் பெயர். இந்த நாட்டில் யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை.

குரலில் கோபமே இல்லை. பரிவாகத்தான் கேட்டது.

டோர்காஸ் அதிகாரியைப் பார்த்தாள். அவர் புன்னகையோடு அவள் பதிலுக்காகக் காத்திருந்தார். எண்ணூறில் ஒன்று போய் இன்னொன்று வந்தது அவர் காதுக்குத் தெரியவில்லை.

அவள் எழுந்து நின்று தொலைபேசியைச் சுட்டிக்காட்டினாள். வாயைத் திறந்தபோது வந்ததும் அந்தப் பள்ளத்தாக்கின் மொழிதான்.

“இவன்தான். நான் சொன்னேனே, அது இவன்தான். என்னக் கண்டுபிடிச்சிட்டாங்க.”

அதிகாரி தொலைபேசியின் பக்கம் தலையைச் சாய்த்தார்.

அது நிதானமாக, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னது.

“உங்களுக்கும் எனக்கும் நன்றி சொல்றாங்க, மேடம்.”