முதல் கைநாட்டு

“கையெல்லாம் எண்ணெய். காகிதம் பாழாப் போகும். கொண்டு போ ஏட்டி,” என்றார் பண்ணையார் ஆவுடைநாயகம்.

குற்றாலத்தில் நல்ல சாரல். அருவிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

பேச்சித்தாய் நகரவில்லை. மனுவை நனையாமல் முந்தானைக்குள் பிடித்திருந்தாள்.

“மொதலாளி, தூக்கைக் குறைக்க முடியாதுன்னு மெட்ராஸ் கவர்னர் சொல்லிட்டாரு. இனி டில்லி வைசிராய் ஒருத்தருதான். சாட்சி சொன்ன நீங்களே உயிர்ப்பிச்சை கேட்டா மனசு இறங்குவாருன்னு தென்காசி வக்கீல் சொல்லுதாரு.”

“உன் புருசன் சங்கிலிப்பாண்டி ரத்த அருவாளோட ஓடுனதை என் கண்ணால கண்டேன். கோர்ட்டுல ஒரு பேச்சு, வைசிராய்ட்ட ஒரு பேச்சா?”

“நல்லாக் கேளுங்க மொதலாளி!” எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற வேலைக்காரி வடிவம்மாள் சீறினாள். வெட்டுப்பட்டுச் செத்த மாடக்கண்ணுவின் பெண்டாட்டி அவள். “என் தாலியை அறுத்தவனுக்கு உயிர்ப்பிச்சையாம்! வைசிராய் என்ன, குற்றாலநாதரே சொன்னாலும் விடப்படாது.”

பேச்சித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். செத்தவன் பெண்டாட்டியிடம் கைநாட்டுக் கேட்க அவளுக்கு வாய் ஏது?

அப்போது கொத்தனார் செல்லச்சாமி, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தான்.

“மொதலாளி, செங்கல் இறக்கியாச்சு. பீடத்தை எங்கன எழுப்ப? உங்க வயக்காட்டு ஓரமாவா?”

“ஏலே, கேக்க நேரம் பாத்தியா? போலே அங்கிட்டு!”

“யாருக்குப் பீடம்?” என்றாள் வடிவம்மாள்.

“சங்கிலிப்பாண்டிக்குத்தான். தூக்குல போட்ட அன்னைக்கே எழுப்பி, கெடா வெட்டிரணும்னு மொதலாளி சொன்னாகள்லா? கோவத்தோட செத்தவன் லேசுல விடுவானா?”

பண்ணையார் அவசரமாகச் சிரித்தார். “பாவம், அவனும் நம்ம ஊர்க்காரன். எல்லாம் ஒரு இரக்கந்தான்.”

வடிவம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“என் புருசனுக்கு நான்தான் மண்ணு சுமந்து பீடம் எழுப்புனேன். நாலு செங்கல் கேட்டதுக்கு இல்லைன்னுட்டீக.”

“அது வந்து வடிவு...”

“வெட்டுனவனுக்கு எவனும் பீடம் கட்டிக் கும்பிட மாட்டான், மொதலாளி. அநியாயமாச் செத்தவனுக்குத்தான் கட்டுவாக. அதுவும், பழி போட்டவந்தான் பயந்துபோய் முந்திக் கட்டுவான்.”

பண்ணையாரின் நெற்றியிலிருந்து எண்ணெய் கண்ணுக்குள் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

வடிவம்மாள் தன் கையைச் சேலையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். எண்ணெய்ப் பிசுக்குப் போய்விட்டதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டாள். பிறகு பேச்சித்தாயிடம் நீட்டினாள்.

“கொண்டா ஏட்டி அந்த மனுவை. முதல் கைநாட்டு என்னுது.”