இடதுபக்கக் கோடு

டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அதை வாங்க வந்த பையன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். விற்கிற பெரியவர் ரிமோட்டைக் கீழே வைக்காமல் பக்கத்திலேயே நின்றார்.

படம் பளிச்சென்று இருந்தது.

இருக்கத்தான் செய்யும். காலையிலிருந்து சுவிட்சைத் தொடவில்லை. பையன் வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் போட்டார்.

சூடேறினால்தான் கோடு வரும். இடதுபக்கம், மேலிருந்து கீழாக, பச்சையாக ஒன்று. ரிப்பேர்க்காரன் பின்னால் திறந்து எதையோ அழுத்தி ஒட்டினான். "கொஞ்ச நாள் ஓடும் பெருசு. அதுக்குள்ள தள்ளி விட்ருங்க" என்றான். கூலியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டுதான் அதையும் சொன்னான்.

அந்தக் கொஞ்ச நாளும் முடிந்துவிட்டது.

"ரிப்பேர் எதுவும் பாத்திருக்கீங்களாய்யா?"

"அதான் போன் விளம்பரத்துலயே போட்டிருந்துச்சுல்ல. கை வெச்சதே இல்ல."

பையன் பின்பக்கம் எட்டி ஸ்குரூக்களைப் பார்த்தான்.

பார்க்கட்டும். திருப்புளி கீறின இடத்திலெல்லாம் நேற்றே பூட் பாலிஷ் வைத்துத் தேய்த்தாகிவிட்டது.

அவரிடம் விற்றவனும் இப்படித்தான் விற்றான். போட்டுக் காட்டினான், பளிச்சென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு படம் பார்த்து முடிப்பதற்குள் கோடு வந்து நின்றது. போன் பண்ணினால் எடுக்கவில்லை.

வந்த வழியே போகட்டும். ஊரே இப்படித்தான் பிழைக்கிறது. இவர் ஒருத்தர் மட்டும் ஏமாந்துகொண்டே கிடக்க வேண்டுமா?

"காபி குடிச்சிட்டுப் போகட்டும்."

அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல்.

அவருக்குச் சுருக்கென்றது. "வேணாம் வேணாம். தம்பிக்கு நேரமாகுதாம்."

"எனக்கென்னய்யா அவசரம்? குடுங்கம்மா." பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

காபி வரவில்லை.

வழக்கமாக அவள் உள்ளே போனதும் தெரியாது, டம்ளர் வந்ததும் தெரியாது. இன்று அடுப்பைச் சின்னத் தீயில் வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"பேரென்னப்பா?"

"ஜெயபாண்டிம்மா."

"எந்தப் பக்கம்?"

"ஒத்தக்கடை."

"டிவி யாருக்கு?"

"எங்கம்மாவுக்கு. விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. சுவத்தையே பாத்துட்டுக் கிடக்கு."

அவள் உச்சுக் கொட்டினாள்.

அவர் ரிமோட்டைத் தூக்கினார். "பாத்தாச்சுல்ல தம்பி, அணைச்சிரட்டா? கரண்ட்டு ஏறுது."

"ஓடட்டும்" என்றாள் அவள்.

அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. டிவியைப் பார்த்துச் சொன்னாள். இடதுபக்கத்தைப் பார்த்து.

அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது.

கோடு முதன்முதலாக வந்த அன்றைக்கு இவள் என்ன செய்தாள்? நேரே தெருவுக்குப் போனாள். மண்ணை வாரித் தூற்றினாள். 'இத வித்தவன் கண்ணு அவிஞ்சு போகும்' என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்து பார்த்தார்கள்.

இன்றைக்கு விற்கிறவன் யார்?

வந்த ஆளுக்கு முன்னால் புருஷனைப் பொய்யன் என்று சொல்ல மாட்டாள். கோடே வந்து சொல்லட்டும் என்றுதான் இந்தச் சின்னத் தீ.

காபி வந்தது. பையன் குடித்தான்.

கோடு வரவில்லை.

"மாவு இருக்குப்பா. ரெண்டு தோசை சுடுறேன்." பையன் வேண்டாமென்று எழுந்தான். அவள் விடவில்லை.

முதல் தோசை வரைக்கும் கோடு வந்துவிடக் கூடாது என்றுதான் அவர் நின்றார். பையன் சட்னியை வழித்துக்கொண்டே, "எங்கம்மாவும் இப்படித்தான், வந்தவங்களச் சாப்பிடாம விடாது" என்றான். அதற்குப் பிறகு என்ன ஆனதோ, அவர் கண் தானாக இடதுபக்கம் போக ஆரம்பித்தது.

செய்தி வாசிக்கிறவனுடைய சட்டை பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் கிடையாது.

தினமும் கூப்பிடாமல் வந்து நிற்கிற சனியன், இன்றைக்குப் போலீசைக் கண்ட திருடன் மாதிரி ஒளிந்துகொண்டது.

வந்து தொலையேன்.

வரவில்லை.

பையன் கை கழுவினான். பிளக்கைப் பிடுங்கினான். படம் சட்டென்று அணைந்தது. கொண்டுவந்த பழைய போர்வையைக் கட்டிலில் விரித்து, டிவியைக் குழந்தையைப் போலத் தூக்கிக் குப்புறப் படுக்க வைத்தான்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவள் வெளியே வரவில்லை.

"நம்பரச் சொல்லுங்கய்யா. பணத்தப் போட்டு விட்றேன்."

பையன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

பொய் சொன்ன வாய் அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை.

அவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முனையை விரலில் சுற்றி, ஒரு ஸ்குரூவின் தலையில் வைத்து அழுத்தித் தேய்த்தார்.

துண்டில் கறுப்பு ஏறியது.

அடியில் திருப்புளி கீறின தடம் வெள்ளையாகத் தெரிந்தது.

பையன் போனைத் தாழ்த்திக் குனிந்தான்.

அவர் தலையைத் தூக்காமல் அடுத்த ஸ்குரூவுக்குப் போனார்.