பிடிமண்

அம்மன் பிறந்தது சுடலியின் வீட்டுக் கொல்லையில். அங்கே அநியாயமாக வெட்டுப்பட்ட ஒருத்தியின் ரத்தம் விழுந்த மண்ணிலிருந்துதான் அவள் எழுந்தாள் என்பார்கள். தன் தோட்டத்தில் அவளுக்குக் கோயில் கட்டப்போகும் தங்கப்பழம், அவள் பிறந்த இடத்துப் பிடிமண் கேட்டு மேளத்தோடு வந்து வாசலில் நின்றார். அந்த வீட்டுப் பெண் தனியாகப் போய் அள்ளித் தர வேண்டும் என்பது வழக்கம்.

“பழசை மனசுல வச்சுக்காத, தாயி.”

“வச்சிருந்தா வாசல்ல நிக்க விட்டிருப்பேனா, அண்ணாச்சி?”

சுடலி கொல்லைக்குள் நுழைந்து, அம்மன் பீடத்தைத் தாண்டிப் போனாள். போன ஆடியில் தங்கப்பழத்தின் ஆட்கள் அவள் தம்பியை வெட்டிச் சாய்த்த முருங்கையடியில் உட்கார்ந்து, இரு கைகளாலும் மண்ணை அள்ளித் துணியில் மூட்டையாகக் கட்டினாள்.

மூட்டையை வாங்கித் தலையில் ஏற்றிக்கொண்ட தங்கப்பழம், “ரொம்பக் கனக்குதே” என்றார்.

“வழியில இறக்கிடாதீங்க. நேரா உங்க இடத்துக்கே கொண்டு போங்க.”

மேளம் தெரு முனையைத் தாண்டும்வரை அவள் குலவையிட்டாள்.