அறுபது படிகள்

தபால்காரம்மா வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, தகரக் கொட்டகைக்குள் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் தலைவர், மேஸ்திரி, தையல்காரம்மா. மூவரும் முதலில் அவள் காலைத்தான் பார்த்தார்கள்.

பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து கட்டும் சின்னச் சின்ன வீடுகள் அவை. எல்லாருக்கும் ஒரே சமையல்கூடம், ஒரே துணி துவைக்கும் இயந்திரம், ஒரே மழைநீர்த் தொட்டி. பதினொரு வீட்டுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. மிச்சமிருந்த ஒன்றை மூன்று பேர் கேட்டிருந்தார்கள்.

வாடகை அறைகளிலிருந்து பதினான்கு தடவை பெட்டி கட்டியவள் தபால்காரம்மா. இதை விட்டால் அவள் சம்பளத்துக்கு இன்னொரு சொந்தக் கூரை அமையாது.

தலைவர் அவளுடைய படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "உங்களுக்கு முக்கியமான மூணு எதிர்பார்ப்பு என்னன்னு கேட்டிருந்தோம். மூணு இடத்துலயும் ஒண்ணையே எழுதியிருக்கீங்களே?"

"எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான் சார்."

'எந்த வீட்டு வாசலிலும் படி இருக்கக் கூடாது.' மூன்று முறையும் முத்து முத்தான கையெழுத்து.

மேஸ்திரி சிரித்துவிட்டார். "மழை வந்தா தண்ணி நிக்கிற இடம்மா இது. அதனாலதான் தரையை ரெண்டரை அடி தூக்கி, வீட்டுக்கு அஞ்சு படி வைக்கிறோம். படி வேண்டாம்னா படகுலதான் குடியிருக்கணும்."

"தரையைத் தாழ்த்தச் சொல்லலையே அண்ணே. சரிவாப் பாதை போடுங்கன்னுதான் சொல்றேன்."

"ரெண்டரை அடி ஏற முப்பதடி சரிவு வேணும். வாசலுக்கு வாசல் அதைப் போட்டுட்டா காய்கறிப் பாத்தி எங்க போடுறது? உங்க தபால் பையிலயா?"

"வாசலுக்கு வாசல் எதுக்கு? கோடியில ஒரே ஒரு சரிவு. ஏறினதும் பன்னெண்டு வாசலையும் தொட்டுக்கிட்டு ஒரே நடைபாதை. அறுபது படி கட்டுற வேலை உங்களுக்கு மிச்சம்."

மேஸ்திரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு கிழித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

தையல்காரம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. "பாவம், கால் முடியாம கேக்குறாங்க. அவங்க வீட்டுக்கு மட்டுமாவது செஞ்சு கொடுப்போமே."

"என் வீட்டுக்கு மட்டும்னா வேண்டாம்க்கா."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு வீட்டில் இருந்தாக வேண்டும் என்று எந்தக் கூட்டமானாலும் பாதியில் எழுந்துவிடுகிறவர் அவர்.

"இங்க பாருங்கம்மா. சொந்தச் சவுகரியத்தை யாரும் கேக்கக் கூடாதுங்கறது நாங்க போட்ட முதல் விதி. ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் வரிசையில நிப்பாங்க. என் வீட்டுலயும் ஆயிரம் இருக்கு. தலைவரா இருந்துக்கிட்டு நான் வாய் திறந்தேனா?"

அவர் படிவத்தை அவள் பக்கம் தள்ளி, பேனாவை நீட்டினார். "அதை அடிச்சுட்டு வேற ஏதாவது எழுதுங்க. வீடு உங்களுக்குத்தான். இல்லேன்னா அடுத்தவங்களைக் கூப்பிடுவோம்."

தபால்காரம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். தையல்காரம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அவள் அடிக்கவில்லை. மூன்று வரிக்கும் கீழே மூன்று கோடு அழுத்தி இழுத்து, பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"வீடு இல்லாம இருந்து பழகிட்டேன் சார். ஒருத்தரை வாசல்லயே நிக்க வச்சுட்டு நான் மட்டும் உள்ள உக்காந்து பழகல."

வந்தது போலவே காலை இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

ஐந்தாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தலைவர் படிவத்தை மடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். வெளியே, அடுக்கி வைத்திருந்த செங்கல் மேல் உட்கார்ந்து தபால்காரம்மா ஒரு செருப்பைக் கையில் வைத்திருந்தாள். அறுந்த வாரில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள்.

"அப்போ... கால்ல ஒண்ணும் இல்லையா?"

"காலுக்கு என்ன கேடு? கடவுள் புண்ணியத்துல தினம் இருபது தெரு நடக்குது. செருப்புதான் பாதி வழியில காலை வாரிடுச்சு."

"பின்னே யாருக்காக இவ்வளவு வீம்பு? கைக்கு வந்த வீட்டை விட்டுட்டீங்களே."

அவள் ஊக்கை மாட்டிக்கொண்டே சொன்னாள். "பதிவுத் தபால் வந்தா ஒரு வீட்டுல நான்தான் உள்ள போகணும். 'கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, வாம்மா'ன்னு குரல் மட்டும் வரும். சக்கர நாற்காலியில உக்காந்தபடியே கையெழுத்துப் போடுவாங்க. வெயில்ல வந்திருக்கியேன்னு ஒரு தடவைகூடத் தண்ணி கொடுக்காம அனுப்பினதில்ல."

தலைவர் மடித்த படிவத்தை மறுபடி பிரித்தார்.

"போன வாரம் சொன்னாங்க. 'நீ எல்லார் வீட்டுக்கும் போற. நான் இன்னொருத்தர் வீட்டுக்குள்ள போயி ஒன்பது வருஷமாச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல்ல படி'ன்னு."

"இதை உள்ளயே சொல்லியிருக்கலாமே?"

"அது அந்தம்மா மனசு விட்டுச் சொன்ன பேச்சு. நாலு பேர் முன்னால போட்டு உடைக்கலாமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் எழுந்தாள். இப்போது நொண்டவில்லை.

"எந்த வீடு அது?" படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலைவர் கேட்டார்.

"உங்க வீடுதான் சார்."